என் குதிரையை யாரும் தொடக்கூடாது

சொல்கிறேன் சார். நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். ஓசூர் தாண்டித் தளி ரோட்டில் அவ்வளவு பெரிய குதிரைப் பண்ணை, பேர் பெற்ற மேடம், சாப்பாடு இலவசம், பயிற்சி இலவசம். அதை விட்டுவிட்டு ஒருத்தன் பொள்ளாச்சிக்கு வந்து, தென்னந்தோப்புக்குள் ஒற்றைக் குதிரை கட்டியிருக்கிறவரிடம் வேலை கேட்டு நிற்கிறான் என்றால் என்ன தோன்றும்? ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டு ஓடி வந்திருக்கிறான் என்றுதான் தோன்றும். சந்தேகப்படுங்கள். முழுதாகக் கேட்டுவிட்டுச் சந்தேகப்படுங்கள்.

ஒற்றைக் குதிரை என்று நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல குதிரை. நெஞ்சு அகலம், கால் நேர். அந்தக் கயிற்றை என்னிடம் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். நாம் பேசி முடிப்பதற்குள் என் வாசனை அதற்குப் பழகிவிடும்.

இந்த வேலை எனக்கு வேண்டும் சார். அதை மறைக்கவில்லை. அருப்புக்கோட்டையில் அப்பா பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சித்திரை பிறப்பதற்குள் குதிரையில் சம்பளம் வாங்கிக் காட்டு, இல்லையென்றால் வந்து டயரைப் பிடி என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். பங்குனி பாதி போய்விட்டது. அந்த ரப்பர் நாற்றத்துக்குள் ஒருமுறை போய் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க முடியாது. என் அண்ணன் அப்படித்தான் உட்கார்ந்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

தளிப் பண்ணையில் ஏற்பாடு எப்படி என்றால், சம்பளம் கிடையாது. வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ள வேண்டும். லாயத்தில் லத்தி அள்ளணும், தண்ணீர் வைக்கணும், கொள்ளு வேகவைக்கணும், குதிரைகளைத் தேய்த்துவிடணும். பதிலுக்கு மூன்று வேளை சாப்பாடு, ஷெட்டில் ஒரு கட்டில், காலையில் மேடம் சொல்லித்தரும் பாடம். ரோகிணி மேடம். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காலில் எப்போதும் முழங்கால்வரை பூட்ஸ், கையில் காபி டம்ளர். அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவர்களை நான் நம்புவதில்லை சார். உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாது.

போன பருவத்தில் அப்படிக் கற்றுக்கொள்ள இருந்தவர்கள் ரெண்டே பேர். நான் ஒருத்தன். இன்னொருத்தி ஆன்ஸி. முட்டம் பக்கத்துப் பெண். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். கடற்கரையில் பிறந்த பெண்ணுக்குக் குதிரை மேல் என்ன ஆசை என்று முதல் நாளே எனக்கு உறுத்தியது. கேட்டேன்.

"படகுல ஏறுனா எனக்கு வாந்தி வரும் மக்கா. அதான் குதிரையில ஏறுதேன்" என்றாள்.

இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்கள்.

நான் சந்தேகப் பேர்வழி இல்லை சார். பார்த்ததைச் சொல்கிறேன். அவள் தட்டில் சமையலம்மா சாம்பாரைக் கரண்டி நிறைய ஊற்றும். என் தட்டில் கரண்டியைத் தட்டிவிட்டுப் போகும். லாயத்து நாய் அவள் பின்னாலேயே சுற்றும். என்னைப் பார்த்தால் எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். சோறு போட்டுப் பழக்கியிருக்கிறாள். இதெல்லாம் சின்ன விஷயம்தான். ஆனால் சின்ன விஷயத்தில் அப்படி இருக்கிறவர்கள் பெரிய விஷயத்தில் எப்படி இருப்பார்கள்?

பெரிய விஷயம் பொங்கலுக்குப் பிறகு வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும். ஆயுத பூசையன்று மேடம் ஆளுக்கொரு இளம் குதிரையைப் பொறுப்பாகக் கொடுப்பார். பொங்கல் கழித்துப் பெங்களூரிலிருந்து ஓர் அம்மா வருவார். அங்கே குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறவர். பழக்கிய குதிரைகளைப் பார்த்து, பிடித்ததை வாங்கிக்கொண்டு போவார். அத்துடன் அந்தக் குதிரையைப் பழக்கியவரையும் சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அதற்கு முந்தின வருஷம் சேலத்துக்காரன் ஒருத்தன் அப்படிப் போனான். இப்போது பைக் வாங்கிவிட்டான். நான் அந்தப் பண்ணையில் லத்தி அள்ளியது முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான்.

எனக்குக் கொடுத்தது கிராம்பு. அந்தப் பண்ணையில் குதிரைக்கெல்லாம் மளிகைக்கடைப் பேர்தான். கரும்பழுப்பில் நெற்றியில் பொட்டு வைத்த பெண் குதிரை. ஆன்ஸிக்கு மிளகு. கிராம்பு ஆரம்பத்தில் படுத்தியது. தலையைத் தூக்கித் தூக்கி அடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காது. நான் விடவில்லை. எனக்கு ஒரு முறை உண்டு சார். லகானை இறுக்கிப் பிடித்துவிட வேண்டும். முதலாளி யார் என்று குதிரைக்கு முதலில் தெரியணும். கை தளர்ந்தால் எல்லாம் தளர்ந்துவிடும்.

மேடம் வேலி ஓரத்தில் நின்று தினமும் கத்துவார். "தவசி, கை! கை! கையை விடு!" எல்லாருக்கும் எதையாவது கத்துவது அவர் வழக்கம். ஆன்ஸியைப் பார்த்து மட்டும் கத்தமாட்டார். அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குப் பிறகு கிராம்பு மாறியது. என் முறை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். காலையில் நான் ஏறும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும். சொன்ன பக்கம் திரும்பும். ஆனால் நான் ஓட்டி முடித்து இறங்கும்போது மறுபடி கல் மாதிரி ஆகிவிடும். தலையைத் தூக்கும், பல்லைக் கடிக்கும். மறுநாள் காலை பார்த்தால் மறுபடி வெண்ணெய். ராத்திரியெல்லாம் நின்று யோசித்துத் திருந்துகிறது என்று நினைத்தேன். சில குதிரைகள் அப்படி. புத்தி உள்ள குதிரைகள்.

அப்போதுதான் வேர்வைத் தடம் கண்ணில் பட்டது.

குதிரையின் முதுகில் சேணம் இருந்த இடத்தில் வேர்வை காய்ந்தால் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக நிற்கும். காலையில் ஓட்டியதும் நான் தேய்த்துத் துடைத்துவிடுவேன். அதில் நான் சுத்தக்காரன். சாயங்காலம் கொள்ளு வைக்கப் போனால், சேணம் விழுந்த இடத்தில் மறுபடி லேசாக வெள்ளை. யாரோ அரைகுறையாகத் துடைத்திருக்கிறார்கள்.

நான் அவசரப்படவில்லை. சேணத்தை எடுத்துப் பார்த்தேன். கால் வைக்கிற இரும்பு வளையம் இருக்கிறது இல்லையா, அங்கவடி, அது தொங்கும் தோல்வாரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவரவர் கால் நீளத்துக்கு ஒரு துளை. தினமும் அதே துளையில் மாட்டினால் அந்த இடத்தில் தோல் மடங்கித் தடம் விழுந்துவிடும். என் தடம் கீழே இருந்தது, நான் உயரம். அதற்கு மேலே புதிதாக இன்னொரு தடம். குட்டைக் கால். ஏறி முடித்ததும் வாரை மறுபடி என் துளைக்கே இறக்கி மாட்டி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள். அந்தப் பண்ணையில் குட்டைக் கால் யாருக்கு? சமையலம்மாவுக்கு. அப்புறம் ஆன்ஸிக்கு. சமையலம்மா குதிரை ஏறாது.

இருந்தாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று கிராம்பின் வால்மயிர் ஒன்றைப் பிடுங்கிச் சேணத்தின் கொக்கியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் கட்டி வைத்தேன். சாயங்காலம் போனால் அறுந்து கிடந்தது. மறுநாளும் கட்டினேன். மறுநாளும் அறுந்தது.

நடப்பது மத்தியானம்தான் என்று தெரிந்துவிட்டது. விடிவதற்கு முன்னால் எழுகிறவர்கள் நாங்கள். சாப்பிட்டதும் எல்லாரும் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவோம். நானும் தூங்குவேன். அன்றைக்குத் தூங்கவில்லை. வைக்கோல் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டேன். மூக்கில் தூசி ஏறித் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பின்பக்கம் ரோஜாப் பந்தலுக்கு அப்பால் ஒரு சின்ன மைதானம் உண்டு, பரணிலிருந்து பார்த்தால் தெரியும். ஆன்ஸி கிராம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். என் கிராம்பின் மேல்! சரி, திருட்டுத்தனமாக ஏறியவள் ஏதாவது பயிற்சியாவது கொடுக்கிறாளா என்று பார்த்தால் அதுவும் இல்லை. சும்மா நடத்துகிறாள் சார். லகான் அறுந்துபோன மாதிரித் தொங்குகிறது. கிராம்பு தலையைத் தரைவரைக்கும் இறக்கிப் போட்டுக்கொண்டு, காது ரெண்டும் தொளதொளவென்று ஆட, மாடு மேய்கிற மாதிரிப் போகிறது. நடுநடுவே பெருமூச்சு விடுகிறது. அவள் வாய்க்குள் ஏதோ கோயில் பாட்டு. நான் காலையெல்லாம் நெஞ்சு நோக இறுக்கிப் பிடித்துப் பழக்கிய குதிரை!

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, மேடமும் அங்கேதான் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு.

இறங்கி ஓடினேன். உடம்பெல்லாம் வைக்கோல்.

"என்ன நடக்குது இங்க?" என்றேன்.

"ஒண்ணும் நடக்கல மக்கா. குதிரைதான் நடக்குது" என்றாள் ஆன்ஸி.

"என் குதிரையில எதுக்கு ஏறின?"

"நீ காலையில இழுத்து இழுத்து வச்சத நான் மத்தியானம் கொஞ்சம் இளக்கி விடுதேன். அதுக்க வாய் பாவம் டே. வந்து தொட்டுப் பாரு, ஓரத்துல புண்ணா கெடக்கு."

பார்த்தீர்களா? கையும் களவுமாகப் பிடிபட்டவள் என் மேலேயே பழியைத் திருப்புகிறாள். வாய் ஓரத்தில் புண் இருந்தது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் யாருக்கும் தெரியாமல் தினமும் மத்தியானம் ஏறியது யார்? நானா?

மேடம் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார். "தவசி, நான்தான் அவளை ஏறச் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மேடம்?"

"சொல்லாம என்ன? தினம் காலையில தொண்டை கிழியச் சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

"கையை விடுன்னுதான் சொன்னீங்க."

"ஆமா. அதைத்தான் சொல்றேன்."

உங்களுக்கு ஏதாவது புரிகிறதா? எனக்குப் புரியவில்லை. கேட்டது ஒன்று, பதில் ஒன்று. குற்றம் செய்தவர்கள் பேசுகிற பேச்சு அது. அந்த இடத்திலேயே எனக்கு முழுப்படமும் தெரிந்துவிட்டது. பொங்கல் கழித்து அந்தம்மா வரும்போது கிராம்பை ஆன்ஸிதான் பழக்கினாள் என்று காட்ட வேண்டும். மிளகும் அவளுடையது, கிராம்பும் அவளுடையது. நான் வெறும் லத்தி அள்ளியவன்.

"இனிமே என் குதிரையை யாரும் தொடக்கூடாது. தொட்டா இப்பவே பெட்டியைக் கட்டிருவேன்" என்றேன்.

ஆன்ஸி, "மேடம், வேண்டாம் மேடம், குதிரை பாவம்" என்றாள். அவளுக்குத்தானே நஷ்டம், அவள் சொல்லத்தான் செய்வாள்.

"சரி" என்றார் மேடம். "அந்தம்மா வர்ற வரைக்கும் நீ மட்டும் ஏறு. ஆனா கடிவாளம் நான் கொடுக்கறதைத்தான் போடணும். அப்பவாவது தெரியட்டும்."

யாருக்குத் தெரியட்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அது ஆன்ஸிக்கு விழுந்த குத்து. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அன்றைக்குத் தூங்கினேன். தூங்கும்போதே ஒன்று உறுத்தியது: ஏன் அவ்வளவு சீக்கிரம் 'சரி' என்றார்?

மறுநாள் கடிவாளம் கைக்கு வந்ததும் பதில் தெரிந்தது. குதிரை வாய்க்குள் போகிற இரும்பின் மேல் ரப்பர் சுற்றிய கடிவாளம். குழந்தைக்கு வாயில் வைக்கிற ரப்பர் மாதிரி. அதைப் போட்டால் குதிரை எப்படி அடங்கும்? அடங்கக்கூடாது என்றுதானே அது? கடிவாளம் மென்மை ஆக ஆக நான் இன்னும் பலமாக இழுக்க வேண்டியதாயிற்று. என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. இதோ பாருங்கள், தழும்பு.

மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டேன். கிராம்பின் கதவுக்கு முன்னால் சாக்கை விரித்துப் படுத்துக் காவல் காத்தேன். தீனியையும் நானே வைத்தேன். யார் எதைக் கலப்பார்களோ. ஆன்ஸி அந்த வழியாக வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். "நீ நல்லாத் தூங்கு டே, உன் குதிரைய நான் பாக்கக்கூட மாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அந்தத் திருப்பலிலும் ஒரு சிரிப்பு இருந்தது. நான் பார்த்தேன்.

இவ்வளவு காவல் காத்தும் என்ன ஆனது தெரியுமா? கிராம்பு கெட்டுப்போனது. வெண்ணெய் போய்க் காலையிலேயே கல். நான் கடிவாளத்தோடு உள்ளே போனாலே பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கும். காது ரெண்டும் கழுத்தோடு ஒட்டிவிடும். யாருமே தொடவில்லை, நான் மட்டும்தான் தொடுகிறேன், பின்னே எப்படிக் கெட்டது? அவள் ஏறியிருந்த நாட்களில் ஏதோ உள்ளே ஏற்றிவிட்டாள். நான் சொல்வதைக் கேட்காதே என்று பழக்கிவிட்டாள். வேறு எப்படி இருக்க முடியும்?

அந்த நாள் வந்தது. பெங்களூர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். முதலில் ஆன்ஸி மிளகைக் காட்டினாள். ஏதோ போனது, வந்தது. அப்புறம் நான்.

நான் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது சார். முன்னால் போ என்று குதிகாலால் உதைத்தேன். தாவி ஓடிவிடக்கூடாதே என்று லகானையும் இறுக்கிப் பிடித்தேன். ரெண்டையும் ஒன்றாகச் செய்வதுதானே கட்டுப்பாடு? ஆனால் கிராம்பு ஓரடி கூட முன்னால் வைக்கவில்லை. பின்னால் போக ஆரம்பித்தது. உதைக்க உதைக்கப் பின்னால் போகிறது. இன்னும் இறுக்கினேன். இன்னும் வேகமாகப் பின்னால். மைதானத்தைத் தாண்டி, வேலி வாசலைத் தாண்டி, நேராகப் போய் அந்தம்மாவின் ஜீப்பில் இடித்து, முன்விளக்கை உடைத்து, முன்னங்கால் ரெண்டையும் தூக்கி, என்னை வால் வழியாகக் கீழே இறக்கிவிட்டது.

"ரோகிணி, இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான் வெச்சியா?" என்றார் அந்தம்மா. எல்லாரும் சிரித்தார்கள். லாயத்து வேலைக்காரர்கள் கூட.

மேடம் சிரிக்கவில்லை. "ஆன்ஸி, நீ ஏறு" என்றார்.

ஏறினாள். என் கண் முன்னால். அங்கவடியைத் தன் துளைக்கு ஏற்றி மாட்டிக்கொண்டாள். கழுத்தை ஒருமுறை தடவினாள், லகானைத் தொங்கவிட்டாள். கிராம்பு மூக்கால் புர்ரென்று ஊதிக்கொண்டு முன்னால் நடந்தது. நடை, ஓட்டம், திரும்பல், எல்லாம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் ஏறினால் பின்னால் போகிறது, அவள் ஏறினால் முன்னால் போகிறது. முன்னாலேயே பேசி வைக்காமல் இது நடக்குமா?

அந்தம்மா கிராம்பை வாங்கிக்கொண்டார். ஆன்ஸியையும் கூட்டிக்கொண்டார். நான் வைக்கோல் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஆன்ஸி வந்து வாசலில் நின்றாள்.

"நான் வேணும்னா அந்தம்மாட்ட கேக்குதேன் மக்கா. அங்க லாயத்துல ஆள் வேணுமாம். நீயும் வா. கிராம்பு கூடயே இருக்கலாம்."

அவளுக்குக் கீழே நான் லத்தி அள்ள வேண்டுமாம். எழுந்து வெளியே போய்விட்டேன்.

மேடம் சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். காபி கொடுத்தார். அதுவரைக்கும் கொடுத்ததில்லை. எனக்கு அங்கேயே சந்தேகம்.

"போக வேண்டாம் தவசி. இன்னொரு பருவம் இரு. உனக்குப் பயமில்ல, உடம்பு வளையுது, விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கற. கை மட்டும்தான். முதல்ல இருந்து வருவோம். லகானே இல்லாம உன்னைக் குதிரை மேல உட்கார வெக்கறேன். கயிறை நான் பிடிச்சுக்கறேன். நீ கையைக் கட்டிக்கிட்டு உட்காரு. பிடிக்காம எப்படி உட்கார்றதுன்னு தெரிஞ்சா அப்புறம் எப்படிப் பிடிக்கறதுன்னு தானா தெரியும். உங்கப்பாகிட்ட நானே பேசறேன்."

நன்றாகக் கவனியுங்கள். இன்னொரு பருவம். சம்பளம் இல்லாமல். கையைக் கட்டிக்கொண்டு. மற்ற நேரத்தில் அதே கையால் லத்தி அள்ளிக்கொண்டு. ஆன்ஸி போய்விட்டாள், வேலைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு ஒரு காபி. நான் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். அவர் கண் கலங்கின மாதிரி இருந்தது. சில பேருக்கு நினைத்தால் வரும்.

நடுவில் ஏற்காட்டில் ஒரு விடுதியில் கொஞ்ச நாள் இருந்தேன். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி நடத்தும் கிழட்டுக் குதிரை. எலும்பும் தோலும். நான் சேர்ந்த வாரமே அதுவும் தலையைத் தூக்கி அடிக்க ஆரம்பித்தது. தளி எங்கே, ஏற்காடு எங்கே? ஆனால் இந்தக் குதிரைக்காரர்கள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்தவர்கள் சார். ஒரு சொல் போதும்.

நான் சந்தேகப் பேர்வழி இல்லை. சந்தேகம் இருந்தால் உங்களிடம் இவ்வளவு மனம் விட்டுப் பேசுவேனா?

சம்பளம் நீங்களாகப் பார்த்து என்ன கொடுத்தாலும் சரி. தோப்பில் மட்டை பொறுக்கச் சொன்னாலும் பொறுக்குகிறேன். அப்பாவிடம் சொல்லிக்கொள்ள ஒரு சம்பளம், அவ்வளவுதான். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. இந்தக் குதிரையை நான் மட்டும்தான் தொடுவேன். நீங்கள் கூடத் தொடக்கூடாது. அப்படி இருந்தால் சித்திரைக்குள் இதைப் பொம்மை மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன்.

ஏய், நில். நில்லுங்கிறேன். என்ன இது, நான் வந்தபோது உங்கள் கையில் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றதே? இப்போது ஏன் பின்னாலேயே போகிறது? பாருங்கள், நான் இழுக்க இழுக்கப் பின்னால் போகிறது. காதைப் பாருங்கள். என்னை இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, அதற்குள் இப்படி ஒரு முறைப்பு.

என்ன சார்? என்ன சொன்னீர்கள்?

கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கணுமா?

அப்படியா. சரி. இந்தப் பேச்சை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கப்போவதில்லை. கோபப்படவும் மாட்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த முட்டத்துப் பெண் எப்போது இங்கே வந்துவிட்டுப் போனாள்?